சாதி மீன்

2008 ஏப்ரல் 26, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மொன்றியல் தீவின் தெற்கே, லசால் என்ற இடத்து ஆற்றங்கரையில் ஒரு சாம்பல் நிற வான் வந்து நின்றது. அதற்குள் மூன்று ஆண்களும் ஏழு தூண்டில் கோல்களும் இருந்தன.

ஆறு கோல்கள் வானின் சொந்தக்காரரான நகுலேஸ்வரனுடையவை. ஏழாவது அவருடைய நண்பர் விமலநாதனுடையது. மூன்றாவது ஆளான கிறகரியிடம் ஒரு தேநீர்ப் போத்தலும், முதல்நாள் மாலை எடுத்த மீன்பிடி அனுமதி அட்டையும் இருந்தன.

நகுலேஸ்வரனுக்கு ஐம்பத்தேழு வயது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் சூப்பர்வைசர். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. மீன்பிடி அவருக்கு இரண்டு வருடப் பழக்கம். அதற்கு முதல் ஒரு கோடை முழுவதும் கோல்ஃப் விளையாடினார். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் பந்தை விட்டு மீனுக்கு வந்தார். இரண்டு வருடத்தில் எத்தனை மீன் என்று வீட்டில் யாரும் அவரைக் கேட்பதில்லை. அன்று மார்புவரை ஏறும் றப்பர் காற்சட்டையும் பதினேழு பைகள் வைத்த மேலங்கியும் போட்டிருந்தார். எந்தப் பைக்குள் எது இருக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை. சுங்க அதிகாரி பயணியைத் தடவுவதுபோலக் காலை முழுவதும் தன்னைத்தானே தடவிக்கொண்டிருந்தார்.

விமலநாதன் காப்புறுதி விற்பவர். வாய் மூடியிருந்தால் யாராவது காப்புறுதி எடுக்காமல் செத்துப்போய்விடுவார்கள் என்று பயந்தவர்போல ஓயாமல் கதைப்பார்.

இவர்கள் கிறகரியைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கு மீன் காரணமில்லை. நகுலேஸ்வரனின் மகன் விதுர்சனும் கிறகரியின் மகள் றெபேக்காவும் நான்கு வருடங்களாக ஒருவரையொருவர் விரும்பிக்கொண்டிருந்தார்கள். விதுர்சனுக்கு இருபத்தெட்டு வயது, வங்கியில் கணினி வேலை, தனக்கென்று கார். "அப்பா ஓம் எண்டால்தான்" என்று அவன் றெபேக்காவிடம் சொல்லியிருந்தான். அதை அவள் தகப்பனிடம் சொன்னபோது முகத்தைப் பார்க்காமல் சமையலறை மேசையைப் பார்த்துச் சொன்னாள். ஆகவே அந்த ஓம், அந்தச் சம்மதம், கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அன்றைய விஷயம்.

நகுலேஸ்வரனுக்கு மதம் பிரச்சினை இல்லை. அதை அவர் எல்லோரிடமும் சொன்னார். யாரும் கேட்காதபோதும் சொன்னார். அவருக்குத் தெரியவேண்டியிருந்தது வேறு. கிறகரியின் ஆட்கள் மன்னாரில் கடற்றொழில் செய்தவர்களா, இல்லையா? மொன்றியலில் இதை நேரே கேட்க முடியாது. கேட்டால் சாதி பார்க்கிறவர் என்ற பெயர் வந்துவிடும். சாதி பார்ப்பதில் நகுலேஸ்வரனுக்கு வெட்கம் இருக்கவில்லை. அந்தப் பெயரில்தான் இருந்தது.

நேரே கேட்க முடியாதவர்களுக்கென்று நம்மவரிடம் ஒரு கேள்விக்கொத்து இருக்கிறது. ஊரில எவடம்? எந்தக் கோயிலடி? எந்தப் பள்ளிக்கூடம்? அங்கே இன்னார் வீடு தெரியுமோ? நாலாவது கேள்விக்குள் ஆள் அகப்பட்டுவிடுவார். நகுலேஸ்வரன் இரண்டு பிறந்தநாள் விழாக்களிலும் ஒரு செத்தவீட்டிலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்திருந்தார். கிறகரி, மன்னார் டவுன் பக்கம் என்றார். செபஸ்தியார் கோயிலடி என்றார். அப்பா என்ன செய்தவர் என்றதற்கு, சங்கத்தில இருந்தவர் என்றார். எந்தச் சங்கம் என்று கேட்பதற்குள் கேக் வந்துவிட்டது.

தூண்டில் யோசனை விமலநாதனுடையது. "கோலைக் கையில குடுத்துப் பார் மச்சான். வாய் பொய் சொல்லும். கை சொல்லாது" என்று அவர் சொன்னார். நகுலேஸ்வரனுக்கு அது விஞ்ஞானமாகப் பட்டது.

கிறகரிக்கும் விஷயம் தெரியும். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி பிலோமினம்மா சொல்லியிருந்தார். "உவை உங்களை மீனுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. சோதினைக்குக் கூட்டிக்கொண்டு போயினம்."

உண்மையில் கிறகரி மன்னாரின் மீன்பிடி ஊரான பேசாலையைச் சேர்ந்தவர். தகப்பனும் தகப்பனின் தகப்பனும் கடலுக்குப் போனவர்கள். அவரும் பதினான்கு வயதிலிருந்து இருபத்தாறு வயதுவரை, போர் படகுகளைக் கரையில் ஏற்றி வைக்கும்வரை, போனவர். அப்பா இருந்த சங்கம் கடற்றொழிலாளர் சங்கம். அந்தப் பெயரின் பின்பாதியை மட்டும் சொன்னது பொய்யாகாது என்று பிலோமினம்மா பங்குச் சாமியாரிடம் கேட்காமலே முடிவுசெய்திருந்தார்.

"ஒரு நாள்தானே. ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நில்லுங்கோ. பிள்ளைக்காக."

"பதினாறு வருசமா எயர்போர்ட்டில பிளேன் கூட்டுறன். ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நிக்கிறதுதான் அங்கை வேலையே" என்றார் கிறகரி.

அப்படித்தான் அவர் வந்திருந்தார்.

ஆறு பனிக்கட்டி உருகிய தண்ணீரோடு உயரமாக ஓடிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் பாறைகளுக்கு மேலே வெள்ளையாகக் கொதித்தது. கரையோரம் கற்களில் இன்னும் அழுக்கு நிறத்தில் பனி ஒட்டியிருந்தது. முப்பது மீட்டர் தள்ளி ஒரு கெபெக் கிழவர், சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு கோல்தான் இருந்தது. "பொன்ஜூர்" என்று சொன்னார். கிறகரியும் பொன்ஜூர் சொன்னார். மற்ற இருவரும் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"ஐசே கிறகரி, இஞ்சை வாங்கோ" என்று விமலநாதன் பாடத்தைத் தொடங்கினார். "நாங்கள் என்ன மீனுக்கு வந்திருக்கிறம் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

"ஸ்டீல்ஹெட். சும்மா ட்ரவுட் இல்லை. ட்ரவுட் ஆத்திலயே பிறந்து ஆத்திலயே கிடந்து சாகும். அது சாதாரணம். ஸ்டீல்ஹெட் அப்பிடியில்லை. பெரிய தண்ணிக்குப் போய், ஏரியோ கடலோ, அங்கை வளந்து திரும்பி வரும். ட்ரவுட்டுக்குள்ளை சாதி மீன் எண்டால் அதுதான்."

கடலுக்குப் போய்வந்தால் மதிப்பு ஏறும் என்று கிறகரி அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். மீனுக்கு மட்டுமான சலுகை போலும் என்று நினைத்துக்கொண்டு, "அப்பிடியோ அண்ணை" என்றார்.

நகுலேஸ்வரன் கையைத் தூக்கி இன்னொரு விஷயத்தையும் தெளிவாக்கினார். "ஒண்டு சொல்லிப்போட்டன். நாங்கள் தின்னப் பிடிக்கிறேல்லை. பிடிக்கிறது, படம் எடுக்கிறது, விடுறது. இது விளையாட்டு. சீவியத்துக்குப் பிடிக்கிறது வேறை, இது வேறை."

"வேறைதான்" என்றார் கிறகரி.

"அதோடை நான் சனிக்கிழமையில மச்சம் தொடுறேல்லை."

சனிக்கிழமையில் மீனும் இறைச்சியுமான மச்சம் தொடாதவர், சனிக்கிழமை விடிய எழும்பி மச்சத்தைத் தேடி நாற்பது நிமிடம் வான் ஓட்டி வந்திருந்தார். இதில் ஏதும் முரண் இருப்பதாக அவருடைய முகத்தில் தெரியவில்லை.

அவர் கிறகரியிடம் ஒரு கோலை நீட்டினார். மிக இயல்பாக நீட்டினார். இருவரும் கிறகரியின் விரல்களைப் பார்த்தார்கள். டாக்டர்கள் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது போன்ற பார்வை.

கிறகரி கோலைத் தலைகீழாக, நைலோன் சுற்றும் றீல் மேலே வரப் பிடித்தார்.

"ஐயோ, ஐயோ! றீல் கீழை வரவேணும்!" நகுலேஸ்வரனின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது நல்ல சந்தோஷம் என்றே சொல்லவேண்டும். சம்பந்தி ஆகக்கூடிய ஒருவர் முட்டாளாக இருப்பதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை.

அடுத்தது முடிச்சு. கொக்கியை நைலோனில் கட்டச் சொன்னார்கள். கிறகரியின் விரல்கள் குளிரில் விறைத்திருந்தும், அவர் யோசிப்பதற்குள் ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்கிவிட்டன. மூன்று வினாடி வேலை. நல்லகாலம், நகுலேஸ்வரன் பன்னிரண்டாவது பைக்குள் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தார். விமலநாதன் போனில் ஒருவரின் ஆயுள் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கிறகரி அந்த முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சப்பாத்து நாடா கட்டுவதுபோல ஒன்றைக் கட்டினார். அது பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒன்றைக் கட்டியது வாழ்க்கையில் முதல் தடவை.

"உதென்ன காணும், பூக்கட்டுறியளோ?" என்று விமலநாதன் சிரித்தார்.

"எனக்கு உது சரிவராது அண்ணை."

நகுலேஸ்வரன் விமலநாதனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைக் கிறகரியும் கண்டார். காலை ஏழேகால். அந்த நேரத்தில் றெபேக்காவின் கலியாணம் நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

பிறகு ஐந்து மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சரியாகச் சொன்னால், நிறைய நடந்தது, மீன்தான் வரவில்லை. இளஞ்சிவப்பு வலைத்துணியில் மீன்சினையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, நைலோனில் மேலே ஒரு மிதவையும் வைத்து, இரையாகப் போட்டார்கள். நகுலேஸ்வரன் அதை நடு ஆற்றின் வெள்ளைத் தண்ணீருக்குள் எறிந்தார். அது ஆறு வினாடியில் கீழே போய்க் கல்லில் சிக்கியது. அறுத்தார். மறுபடி எறிந்தார். ஒரு தடவை பின்னால் நின்ற மரத்தில் மாட்டினார். ஒரு தடவை விமலநாதனின் தொப்பியைக் கழற்றி ஆற்றுக்குக் கொடுத்தார்.

"அது என்ரை மகள் வேண்டித் தந்த தொப்பி."

"நீ ஏன் மச்சான் எனக்குப் பின்னாலை நிக்கிறாய்?"

"முன்னாலை ஆறெல்லோ இருக்கு."

சிவப்புத் தொப்பிக் கிழவர் பதினொரு மணிக்குள் இரண்டு மீன் எடுத்துவிட்டார். கிறகரிக்கு இந்த ஆறு தெரியாது. ஆனால் கிழவர் இரையை எங்கே போடுகிறார் என்பதைப் பத்து நிமிடம் பார்த்ததில் விஷயம் விளங்கிவிட்டது. வேகமான தண்ணீரும் தூங்குகிற தண்ணீரும் உரசுகிற இடத்தில், பெரிய கல்லொன்றுக்குக் கீழே, ஒரு கோடு ஓடியது. மீன் அந்தக் கோட்டின் உள்பக்கம் நிற்கும். சாப்பாடு அதன் வாசலால் போகும். இதைச் சொல்ல ஒரு வசனம் போதும். கிறகரி அதைச் சொல்லாமல், கோடு இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் பொட்டலத்தைக் கரைக்கு இரண்டடி தள்ளி, குழந்தைகூட நனையாத தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் ஐந்து மணி நேரம் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிழையாகச் செய்வது, தெரியாத ஒன்றைச் சரியாகச் செய்வதைவிடக் கடினம். மத்தியானத்துக்குள் அவருக்குத் தோள் வலித்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார்கள். நகுலேஸ்வரனின் மனைவி கௌரி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக் கொடுத்திருந்தார். கிறகரிக்கென்று தனியாக ஒரு பெட்டியில் முட்டைப் பொரியலும் வைத்திருந்தார். அந்த வீட்டில் இந்தக் கலியாணத்தை விரும்பிய ஒரே ஆள் அவர். அவரிடம் யாரும் ஓம் கேட்கவில்லை.

வயிறு நிறைந்ததும் நகுலேஸ்வரனுக்கு ஊர் ஞாபகம் வந்தது. "எங்கட வீட்டில மீன் எண்டால் வெள்ளண்ணவே வந்திடும். மீன்காரன் பின்பக்கத்தாலதான் வருவான். சைக்கிளை வேலியோடை சாத்திப்போட்டு நிப்பான். அம்மா சுளகை நீட்டுவா. அதுக்குள்ளை போட்டிட்டுப் போவான். நல்ல மனிசன். பேர் என்னவோ... பேர் ஞாபகமில்லை."

"எத்தினை வருசம் வந்தவன்?" என்று விமலநாதன் கேட்டார்.

"அது ஒரு இருவது வருசம் இருக்கும்."

சொல்லிவிட்டு இருவரும் கிறகரியின் முகத்தைப் பார்த்தார்கள். கதை தற்செயலாக வந்ததல்ல. கிறகரி புட்டை விழுங்கினார். "அந்தக் காலம்" என்றார். மூன்றாவது சோதினையிலும் அவர் தேறினார்.

நகுலேஸ்வரன் திருப்தியோடு எழும்பினார். விமலநாதனுக்குக் கேட்கும் அளவில், "பாவம், ஒண்டும் தெரியாத மனிசன்" என்றார். அவருடைய அகராதியில் அது சம்மதத்துக்கு மிகக் கிட்டிய சொல். பிறகு, அன்று முதல் தடவையாக, நடு ஆற்றுக்கு எறியச் சோம்பற்பட்டு, கையை வீசாமலே பொட்டலத்தை முன்னால் போட்டார். அது தற்செயலாகப் பெரிய கல்லுக்குக் கீழே போய், அந்தக் கோட்டில் ஏறி ஓடத் தொடங்கியது.

கிறகரி அவருக்குப் பக்கத்தில், கையில் தேநீரோடு நின்றார். மிதவை போவதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மிதவை இரண்டு மீட்டர் போனது, மூன்று மீட்டர் போனது, ஒரு தடவை தயங்கியது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து யாரோ இழுத்ததுபோலக் காணாமல் போனது. நகுலேஸ்வரன் அப்போது பல்லுக்குள் சிக்கிய கத்தரிக்காய்த் தோலை நாக்கால் தேடிக்கொண்டிருந்தார்.

"பட்டிட்டுது! வலியுங்கோ! வலியுங்கோ!"

கத்தியது கிறகரி. தேநீர் கற்களில் கொட்டியது.

நகுலேஸ்வரன் வீட்டிலும் விமலநாதன் வீட்டிலும் மீன் பிடிபடும், கொழுவும், மாட்டும். அங்கே மீன் படுவதில்லை. மீன் படும் என்று சொல்பவர்கள், இன்றைக்கு என்ன பட்டது, நேற்று ஒன்றும் படவில்லை என்று விடியற்காலையில் கரையில் நின்று கேட்டவர்கள். அந்தச் சொல் சுளகு நீட்டும் வீடுகளுக்குள் வராது. வேலியோடு சாத்திய சைக்கிளோடு திரும்பிப் போய்விடும். விமலநாதனின் தலை மெதுவாகத் திரும்பியது. வாய் சொல்லாது என்று அவர் நினைத்ததை வாயே சொல்லிவிட்டது.

நகுலேஸ்வரனுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. கோல் வில்லாக வளைந்திருந்தது. றீல் கத்தியது. தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளிக் கட்டி எழும்பி, திரும்பி, விழுந்தது. இரண்டு வருடமாக எதிர்பார்த்த விஷயம் நடந்தபோது அவர் செய்த முதல் காரியம், "அம்மா" என்றது. இரண்டாவது காரியம், றீலைப் பிழையான பக்கம் சுற்றியது. நைலோன் றீலுக்குள் குருவிக்கூடுபோலச் சுற்றிக்கொண்டு இறுகியது. மீன் கீழ்நோக்கி ஓடியது. நகுலேஸ்வரனும் அதன் பின்னால், றப்பர் காற்சட்டை உரசிச் சத்தமிட, வாத்து நடையில் ஓடினார்.

"அறு மச்சான், அறு! ஆத்துக்குள்ளை போகப்போறாய்!" என்று விமலநாதன் கத்தினார்.

"கத்தரிக்கோல்! கத்தரிக்கோல் எங்கை?"

கத்தரிக்கோல் பதினேழு பைகளில் ஒன்றில் இருந்தது.

கிறகரி ஒரு கணம் நின்றார். அறுத்தால், மீன் வாயில் கொக்கியோடும் பின்னால் முப்பது மீட்டர் நைலோனோடும் ஏதாவது கல்லில் சுற்றிக்கொண்டு கிடந்து சாகும். சொல்லோ ஏற்கெனவே வெளியே போய்விட்டது. அவர் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு, நகுலேஸ்வரனை முழங்கையால் ஒரு பக்கம் தள்ளி, கோலுக்கு முன்னால் நைலோனைக் கையில் எடுத்தார்.

பிறகு நடந்ததைச் சிவப்புத் தொப்பிக் கிழவர் வாளியிலிருந்து எழும்பி நின்று பார்த்தார். கிறகரி இழுக்கவில்லை. நைலோனை இடுப்பைச் சுற்றி எடுத்து, மீன் கேட்டபோது கொடுத்தார். அது மூச்சு விட்டபோது வாங்கினார். கரையோரமாக மீனோடு கூடவே நடந்தார். வேகமான தண்ணீரிலிருந்து அதைச் சரித்துச் சரித்துத் தூங்குகிற தண்ணீருக்குள் கொண்டுவந்தார். ஒரு தடவைகூடக் கீழே, கால் வைக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. பதினொரு நிமிடம். பின்பு குனிந்து, வாலின் மெலிந்த இடத்தில் பிடித்து, மீனை நனைந்த சிறுகற்களுக்கு மேலே வழுக்கி எடுத்தார். அது பதினொரு இறாத்தல் இருக்கும். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு.

அவருடைய முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்லலாம். அது இரண்டு வினாடி இருந்தது. பிறகு அவர் நிமிர்ந்து விமலநாதனைப் பார்த்தார்.

கிழவர் வந்து கிறகரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அழகான வானவில் ட்ரவுட் என்று பிரெஞ்சில் சொன்னார்.

"நோ, நோ" என்று நகுலேஸ்வரன் மூச்சு வாங்கிக்கொண்டு திருத்தினார். "ஸ்டீல்ஹெட்."

கிழவர் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"ரெண்டும் ஒரே மீன்தானாம்" என்றார் கிறகரி.

"உவருக்கென்ன தெரியும்?" என்றார் நகுலேஸ்வரன்.

படம் எடுக்கத் தொடங்கினார்கள். முதலில் நகுலேஸ்வரன் மீனை மார்போடு அணைத்தபடி. அது நழுவிக் கல்லில் விழுந்தது. பிறகு கிறகரி வாலைப் பிடிக்க, நகுலேஸ்வரன் தலையை ஏந்தியபடி. பிறகு கிழவரிடம் கமராவைக் கொடுத்து, விமலநாதனும் பக்கத்தில் நிற்க. கண்ணாடி போட்டு ஒன்று, கழற்றி ஒன்று. ஆறு பின்னால் தெரிய ஒன்று. விடுவதற்காகப் பிடித்த மீன், ஒன்பதாவது படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் இடையில் செத்துப்போனது. நகுலேஸ்வரன் அதைத் தண்ணீருக்குள் வைத்து, போகச் சொல்லி இரண்டு தடவை தள்ளினார். அது வயிறு மேலே தெரியத் திரும்பி வந்தது.

"இப்ப இதை என்ன செய்யுறது?" என்று விமலநாதன் கேட்டார்.

நகுலேஸ்வரன் கைகளைக் கழுவி, மேலங்கியில் துடைத்து, முதல் தடவையிலேயே சரியான பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"கிறகரி, நீங்கள் கொண்டு போங்கோ. எங்கட வீட்டில உதெல்லாம்... உங்களுக்கு வெட்டத் தெரியும்தானே."

தீர்ப்பு அதுதான். கிறகரி பையை வாங்கிக்கொண்டார்.

வானில் திரும்பி வரும்போது விமலநாதன்கூட அதிகம் கதைக்கவில்லை. பெருந்தெருவில் ஏறியதும் நகுலேஸ்வரன் றேடியோவைப் போட்டார். பார்க் எக்ஸ்டென்ஷனில், கிறகரியின் வீட்டுக்கு இரண்டு கட்டடம் முதலே, டெப்பனர் கடை வாசலில் நிறுத்தினார். காலையில் வாசலிலேயே வந்து ஏற்றியவர்.

"சரி, பேந்து கதைப்பம்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றார் கிறகரி.

மூன்றாம் மாடிக் கதவைத் திறந்த பிலோமினம்மா முதலில் புருஷனைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். வாங்கி, மேசையில் வைத்து, விரித்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். வாய்க்குள் கொக்கி போன இடத்தைப் பார்த்தார். பிறகு கிறகரியின் வலது கையைத் திருப்பினார். கையுறையையும் தாண்டி நைலோன் அறுத்த சிவப்புக் கோடு உள்ளங்கையில் இருந்தது.

"நீங்களோ?"

"ஓம்."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள்தானே கேட்டனான்."

"மத்தியானம் வரைக்கும் நிண்டனான்" என்றார் கிறகரி.

பிலோமினம்மா கத்தியை எடுத்தார். றெபேக்கா வேலையால் வந்தபோது வீட்டில் மீன்குழம்பு மணத்தது. அவள் வாசலிலேயே சப்பாத்தோடு நின்று, "அப்பா, என்ன சொன்னவை?" என்று கேட்டாள்.

"பேந்து கதைப்பினமாம்" என்றார் கிறகரி.

நகுலேஸ்வரன் பிறகு கதைக்கவில்லை. புதன்கிழமை மாலை விமலநாதன் போன் எடுத்தார்.

"கிறகரி, குறை நினைக்காதேங்கோ. எல்லாம் நல்ல விருப்பம்தான். ஆனால் சாதகம் பொருந்தேல்லையாம்."

"எந்தச் சாதகம்?"

"பிள்ளையின்ரை சாதகம்."

"பிள்ளைக்குச் சாதகமே இல்லை அண்ணை. நாங்கள் எழுதுறேல்லை. ஞானஸ்நானச் சேர்ட்டிபிக்கற்தான் இருக்கு."

விமலநாதன் காப்புறுதிக்காரர், இதைவிடச் சிக்கலான கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர். "இப்ப எல்லாம் கொம்பியூட்டர்தானே. பிறந்த திகதி போதும்."

"திகதி ஆர் குடுத்தது?"

"விதுர்சன்."

"நேரம்?"

"நேரம் தெரியாததாலை மத்தியானம் பன்ரெண்டு எண்டு போட்டவையாம். செவ்வாய் பிழையான இடத்தில நிக்குதாம்."

"றெபேக்கா பிறந்தது விடியக்காலமை நாலு மணிக்கு" என்றார் கிறகரி. "படகு போற நேரம்."

போனை வைத்தார்.

றெபேக்கா அன்றிரவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விதுர்சனோடு ஏழு நிமிடம் பிரெஞ்சில் கதைத்தாள். கதவு மெல்லியது. அவன் அப்பாவுக்குக் கொஞ்சக் காலம் கொடுப்போம் என்று சொல்லியிருக்கவேண்டும். எத்தனை மாதம் என்று அவள் மூன்று தடவை கேட்டாள். அவன் மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லைப் போலும். அவள் வெளியே வந்து, குளிர்சாதனப் பெட்டியில் மிச்சமிருந்த மீன்குழம்பை எடுத்துச் சூடாக்கி, நின்றபடியே சாப்பிட்டாள்.

மே மாத நடுப்பகுதியில் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. "லசால் ஆற்றில் 11 இறாத்தல் ஸ்டீல்ஹெட் பிடித்த நகுலேஸ்வரன்" என்று கீழே போட்டிருந்தார்கள். நகுலேஸ்வரன் தலைப்பக்கத்தை ஏந்தியிருந்தார். விமலநாதன் சிரித்தார். வாலைப் பிடித்திருந்த கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருந்தது.

கிறகரியின் அனுமதி அட்டை 2009 மார்ச் 31 வரை செல்லுபடியானது. நவம்பர் முடிவதற்குள் அவர் அதை இருபத்தாறு தடவை பயன்படுத்தினார், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்தபின். றெபேக்கா ஓகஸ்டில் ஒட்டாவாவில் வேலை எடுத்துப் போனாள். கலியாணம் நடக்கவில்லை.